தலைமைத்துவ டிப்ளோமாவும் சாவி தராத போர்மனும்

போன மாதம் மின்சார சபையில் உங்கள் பயிற்சிப் பிரிவிலிருந்து எனக்கு ஒரு படிவம் வந்தது. பிரதேசப் பொறுப்பைப் புதிதாக ஏற்றிருக்கும் பொறியியலாளர்களான உங்களோடு, ஓய்வுபெற்ற நான் அரை மணித்தியாலம் பேசவேண்டுமாம். கூடவே ‘உங்கள் தலைமைத்துவப் பாணி எது?’ என்று ஒரு கேள்வி, அதற்குக் கீழே நான்கு பெட்டிகள். ஒன்றில் மட்டும் சரி அடையாளம் போடவேண்டும் என்று அடிக்குறிப்பு. முப்பத்திரண்டு வருடம் மின்கம்பங்களோடும் அவற்றில் ஏறுகிற மனிதர்களோடும் கழித்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? அம்பிட்டியவில் என் சாப்பாட்டு மேசையில் அந்தத் தாள் மூன்று நாள் கிடந்தது. நாலாம் நாள் பெட்டிகளை அப்படியே விட்டுவிட்டுத் தாளின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். பின்பக்கம் போதவில்லை.

தலைமைத்துவக் கோட்பாடுகள் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஐம்பத்தொரு வயதில், கண்டியில், இரண்டு வருடம் சனிக்கிழமை தவறாமல் போய் உட்கார்ந்து தலைமைத்துவத்தில் டிப்ளோமா எடுத்தவள் நான். வகுப்பில் வங்கி முகாமையாளர்கள் இருந்தார்கள், பாடசாலை அதிபர்கள் இருந்தார்கள். எங்கள் பிரதேசத்துக்குப் பொறுப்பாக வந்த முதல் பெண் நான்தான். இருபத்திரண்டு ஆண்கள் எனக்குக் கீழே. அவர்கள் என்னை மதிக்கிறார்களா, சும்மா தலையாட்டுகிறார்களா என்று தெரியாமல்தான் அந்த வகுப்பில் சேர்ந்தேன். புத்தகங்கள் நல்ல புத்தகங்கள். இன்றைக்கும் என் அலுமாரியில் இருக்கின்றன. அவற்றைப் படித்துவிட்டு நான் நடந்துகொண்ட விதத்தை நினைத்தால்தான் எரிச்சல் வருகிறது.

சனிக்கிழமை படித்ததைத் திங்கட்கிழமை செய்து பார்ப்பேன். ஒரு வாரம், ஊக்கப்படுத்துகிற தலைவர் என்று ஒரு பாடம். அந்த வாரம் முழுக்க எல்லோரையும் பாராட்டினேன். பிந்தி வந்தவனைக்கூடப் பாராட்டினேன். எனக்கு உடம்பு சரியில்லையா என்று அலுவலக உதவியாளரிடம் இரண்டு பேர் விசாரித்திருக்கிறார்கள்.

அடுத்தது பங்கேற்புத் தலைமைத்துவம். தீர்மானங்களில் ஊழியரைச் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்பது பாடம். டிசம்பர், ஜனவரி மாதங்களுக்கான விடுமுறை அட்டவணையை எடுத்துக்கொண்டேன். திங்கட்கிழமை காலை கதிரைகளை வட்டமாகப் போட்டு, இருபத்திரண்டு பேரையும் உட்காரவைத்து, ஒவ்வொருவராக அபிப்பிராயம் சொல்லச் சொன்னேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருவர், “நல்லம் மிஸ்” என்றார். மற்றவர்களும் வரிசையாக அதையே சொன்னார்கள். எதை நல்லம் என்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம். உடனே கோப்பைத் திறந்து, ஞாயிற்றுக்கிழமையே வீட்டில் இருந்து எழுதி முடித்திருந்த அட்டவணையை எடுத்துச் சுவரில் குத்தினேன்.

எல்லோரும் போன பிறகு, கம்பி வேலைக்காரர்களை மேய்க்கிற போர்மன் மட்டும் நின்றார். தன் பெயரை எங்கும் எழுதக்கூடாது என்று பின்னாளில் என்னிடம் கேட்டுக்கொண்டவர் அவர். அதனால் போர்மன் என்றே சொல்கிறேன். ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்து, முப்பது வருடத்துக்கு மேல் கம்பிகளில் வேலை செய்தவர். நாள் முழுக்கப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அன்றைக்கு அந்தப் பத்தையும் என்னிடம் செலவழித்தார்.

“மிஸ், முடிவெடுத்துட்டு எங்ககிட்ட கேக்காதீங்க. நேரா சொல்லிருங்க, செஞ்சிருவோம்.”

இது ஒரு நவீன முறை, உங்களுக்குப் போகப் போக விளங்கும் என்று சொன்னேன். சரி மிஸ் என்று போய்விட்டார். அவர் சொன்னது அத்தனையும் உண்மை என்பதால் எனக்கு ஒரு வாரம் கோபம் ஆறவில்லை. இடம் கொடுத்தால் தலையில் ஏறுகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நெருக்கடி நேரத்தில் தலைவர் தயங்காமல் தீர்மானம் எடுக்கவேண்டும், அப்போது விவாதத்துக்கு இடமில்லை என்று அடுத்த பாடத்தில் வந்தது. அந்த வரியின் கீழே சிவப்புப் பேனாவால் இரண்டு கோடு போட்டேன்.

நெருக்கடி ஜனவரியில் வந்தது.

மூன்று நாள் விடாத மழை. ஹேவாஹெட்டப் பக்கம் மரங்கள் விழுந்து, பல இடங்களில் கம்பி அறுந்து போயிருந்தது. மலைமேல் ஒரு சிறிய ஆஸ்பத்திரி. அதற்குப் போகிற பாதையில் மண் சரிந்து வாகனம் எதுவும் போகமுடியாத நிலை. ஜெனரேட்டரில் நண்பகல் வரைக்குத்தான் டீசல் இருந்தது. ஒட்சிசன் இயந்திரத்தில் இரண்டு நோயாளிகள். அங்கிருந்த வைத்திய அதிகாரி, ஒரு முஸ்லிம் பெண், அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எனக்குப் போனில் கோல் எடுத்துக்கொண்டிருந்தார். முதல் இரண்டு தடவை மேடம் என்றார். பிறகு மேடத்தை விட்டுவிட்டார்.

எங்கள் ஆட்களை மூன்று குழுவாகப் பிரித்து அனுப்பியிருந்தோம். ஆஸ்பத்திரிக்குப் போகும் கிளை பிரிகிற இடத்தில், தெருவோரத்தில், சுவிட்சுக்குக் கீழே போர்மனும் நானும் ஐந்தாறு பேரும் நின்றோம். அந்தச் சுவிட்சுக்குப் பூட்டு உண்டு. வேலை முடிந்து ஆட்கள் எல்லோரும் கம்பியை விட்டு விலகிவிட்டார்கள் என்று களப் பொறுப்பாளர் திருப்திப்பட்ட பிறகுதான் பூட்டைத் திறக்கலாம். அதுவரை சாவி அவரிடமே இருக்கும். அன்றைக்கு அது போர்மனின் சட்டைப் பையில் இருந்தது.

பதினொரு மணிக்குள் இரண்டு குழு வந்து சேர்ந்துவிட்டது. மூன்றாவது குழுவில் மூன்று பேர், ஒரு சாரதி. மலைக்கு அந்தப் பக்கம் போன் சரியாக எடுக்காது. கண்டியிலிருந்து என் மேலதிகாரி அழைத்தார். அமைச்சிலிருந்து கேட்கிறார்கள், உன்னால் தீர்மானம் எடுக்க முடியவில்லை என்றால் சொல், வேறு ஆளை அனுப்புகிறேன் என்றார். அது எனக்குச் சுட்டது.

பதினொன்று நாற்பதுக்கு மூன்றாவது குழுவின் சாரதி லைனில் வந்தார். வேலை முடிந்தது, எல்லோரும் ஏறிவிட்டார்கள், வருகிறோம் என்றார். அதோடு லைன் அறுந்துவிட்டது. நான் போர்மனிடம் திரும்பி, லயினைக் கொடுப்போம், மின்சாரம் போகட்டும் என்றேன்.

“எல்லாரும் ஏறிட்டாங்கன்னு யார் சொன்னா மிஸ்?”

“டிரைவர்.”

“டிரைவர் முன்னால இருப்பாரு. பின்னால யார் ஏறுனான்னு அவருக்குத் தெரியாது. வரட்டும். மூணு பேர் மொகத்தையும் பாத்துட்டுத் தர்றேன்.”

“அங்க ரெண்டு பேர் மூச்சுக்குத் தவிக்கினம். உங்களுக்கு விளங்குதோ? சாவியைத் தாங்கோ.”

“வெளங்குது மிஸ். ஆனா தர மாட்டேன்.”

“நான் உங்களிட்டக் கேக்கேல்லை. ஓடர் போடுறன்.”

அவர் சட்டைப் பையின் பொத்தானைப் பூட்டினார். “நாளைக்கு வேலய விட்டுத் தூக்கிருங்க மிஸ். இன்னைக்கு ஏலாது.”

ஐந்தாறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எதிரிலேயே மேலதிகாரிக்குக் கோல் எடுத்து, போர்மன் கட்டளையை மறுக்கிறார், இவர் மேல் நடவடிக்கை எடுக்கவேண்டும் என்று உரத்துச் சொன்னேன். பூட்டை உடை என்றார் அவர். லொறியில் இருந்த இரும்புக் கம்பியை எடுத்துவரும்படி ஒரு லயின்மேனிடம் சொன்னேன். அவன் போர்மனைப் பார்த்தான், பிறகு நிலத்தைப் பார்த்தான். இடத்தை விட்டு அசையவில்லை. இன்னொருவனிடம் சொன்னேன். அவனும் அசையவில்லை.

நானே போய் அந்தக் கம்பியை எடுத்தேன். இதை நான் யாரிடமும் அதிகம் சொன்னதில்லை. எடுத்துக்கொண்டு சுவிட்சடிக்கு வந்தேன். போர்மன் பூட்டுக்கு முன்னால் வந்து நின்றார். என் அப்பாவின் வயது இருக்கும் என்று தோன்றுகிற அளவுக்கு அன்று களைத்துப்போயிருந்தார். அவரைத் தள்ளிவிட்டு உடைக்க என்னால் முடியவில்லை. கம்பியைக் கீழே போட்டேன்.

பன்னிரண்டு பத்துக்கு லொறி வந்தது. பின்னால் இருந்து இரண்டு பேர் இறங்கினார்கள்.

நிமல் எங்கே என்று போர்மன் சிங்களத்தில் கேட்டார். பின்னால்தானே என்றார் சாரதி. முன்னால் உங்களோடு ஏறினான் என்று நினைத்தோம் என்றார்கள் பின்னால் இருந்த இரண்டு பேரும்.

போர்மன் என் பக்கம் திரும்பவே இல்லை. லொறியில் ஏறி, வந்த வழியே போனார். ஜெனரேட்டர் நின்றுவிட்டது என்று ஆஸ்பத்திரியிலிருந்து கோல் வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று வைத்திய அதிகாரி கேட்டார். போனை வைத்தேன்.

ஒரு மணித்தியாலத்தில் லொறி நிமலோடு திரும்பியது. நாற்பது வயது மனிதர், பதினைந்து வருடம் கம்பம் ஏறியவர். லொறியில் ஏறப்போகும்போது, தோட்டத்து லயக் கூரை மேல் ஒரு கம்பி தொங்குவதைக் கண்டிருக்கிறார். பிள்ளைகள் விளையாடுகிற இடம். யாரிடமும் சொல்லாமல் திரும்பிப் போய், கம்பத்தில் ஏறிக் கட்டிவிட்டு இறங்கியிருக்கிறார். லயத்துப் பெண்கள் தேநீர் கொடுத்தார்கள் என்று சிரித்துக்கொண்டே இறங்கியவர், எங்கள் முகங்களைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். போர்மன் மூன்று பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்துப் பார்த்தார். பிறகு பொத்தானைக் கழற்றி, சாவியை என் கையில் வைத்தார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நோயாளிகளுக்கும் ஒரே ஒரு சிலிண்டரை மாற்றி மாற்றி வைத்து, அந்த நேரத்தை எப்படியோ ஓட்டியிருக்கிறார்கள். இரண்டு பேரும் பிழைத்தார்கள். மறுநாள் வைத்திய அதிகாரி பத்து நிமிடம் என்னைத் திட்டினார். கேட்டுக்கொண்டிருந்தேன். உங்களில் சிலர் இதை வாசித்துவிட்டு, போர்மன் செய்ததுதான் சரி, மிஸ் செய்தது பிழை என்று குறிப்பெடுப்பீர்கள். அந்த ஆஸ்பத்திரி வாட்டில் ஒருவர் செத்திருந்தால் என்ன எழுதுவீர்கள்? சாரதி சொன்னதுபோல மூன்று பேரும் லொறியில் இருந்து, அங்கே ஒருவர் செத்திருந்தால்? பயிற்சி வகுப்புகளில் கடைசிப் பக்கத்தில் விடை போட்டுத் தருகிறார்கள். நான் நின்ற தெருவில் விடை பன்னிரண்டு பத்துக்குத்தான் வந்தது.

நடந்ததை எழுத்தில் தரப்போகிறாயா, போர்மன் மேல் நடவடிக்கை எடுக்கவா என்று மேலதிகாரி கேட்டார். வேண்டாம் என்றேன். அதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன். எனக்கே என்னை அறையவேண்டும்போல் இருக்கிறது, இதை எழுதும்போது.

இதற்குப் பிறகுதான் நான் செய்த பெரிய பிழை. டிப்ளோமாவுக்கு ஒப்படை ஒன்று எழுதவேண்டியிருந்தது. ‘நெருக்கடியில் எனது தலைமைத்துவம்’ என்று தலைப்பு. நான் எழுதினேன்: ‘களநிலையைக் கருத்திற்கொண்டு, அனுபவமுள்ள ஊழியரின் ஆலோசனையை ஏற்று, மின் இணைப்பைத் தாமதப்படுத்தத் தீர்மானித்தேன்.’ நான் எதையும் ஏற்கவும் இல்லை, தீர்மானிக்கவும் இல்லை. வகுப்பிலேயே கூடிய புள்ளி எனக்கு. விரிவுரையாளர் எல்லோருக்கும் அதை வாசித்துக் காட்டி, செவிகொடுக்கத் தெரிந்த தலைவர் இப்படித்தான் இருப்பார் என்றார். வங்கி முகாமையாளர் ஒருவர் எழுந்து கைகொடுத்தார். நான் எழுந்து நின்று நன்றி சொன்னேன்.

ஜூன் மாதம், போர்மனுக்கு அடுத்த படியான மின் அத்தியட்சகர் தரத்துக்கு நேர்முகத் தேர்வு வந்தது. எங்கள் பிரதேசத்திலிருந்து போர்மன் ஒருவர்தான் விண்ணப்பித்தார். அவருடைய வயதுக்கு அதுதான் கடைசிச் சந்தர்ப்பம். முந்திய வருடத்துச் செயலாற்றுகை மதிப்பீட்டைக் கேட்டிருந்தார்கள். லிகிதர் பிரதியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோதுதான் அதை நான் மறுபடி பார்த்தேன். கதிரைகளை வட்டமாகப் போட்ட சூடு ஆறுவதற்குள், டிசம்பரில், நானே நிரப்பிக் கையெழுத்துப் போட்ட தாள். ‘தலைமைத்துவ ஆற்றல்’ என்ற நிரலில் ஐந்துக்கு இரண்டு. பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு குறிப்பு: ‘மேலதிகாரியின் வழிமுறைகளை ஏற்கத் தயங்குபவர்.’

அன்றைக்கே கண்டிக்குப் போனேன். ஒப்பமிட்ட படிவத்தை மாற்ற முடியாது, வேண்டுமானால் தனியாக ஒரு கடிதம் தாருங்கள், கோப்பில் சேர்க்கிறோம் என்றார்கள். இரண்டு பக்கம் எழுதினேன். மழை நாளில் முன்மாதிரியாகப் பொறுப்புணர்ச்சியோடு நடந்துகொண்டார் என்று எழுதினேன். யாருடைய கட்டளையை மறுத்து அப்படி நடந்துகொண்டார் என்பதை எழுதவில்லை. அதை எழுதியிருந்தால் அந்தக் கடிதத்தை யாராவது வாசித்திருப்பார்கள். எழுதாததால் அது சாதாரணமான ஒரு சிபாரிசுக் கடிதமாகக் கோப்பில் போய்ப் படுத்துக்கொண்டது.

அவருக்குக் கிடைக்கவில்லை. முடிவு வந்த காலையில் வழக்கம்போல வந்து, மழைக் கோட்டைக் கொளுவிவிட்டு, அன்றைய வேலை என்ன என்று கேட்டார். மூன்று வருடம் கழித்துப் போர்மனாகவே ஓய்வு பெற்றார்.

பிரியாவிடை எங்கள் அலுவலக மண்டபத்தில், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். கேக், பெட்டிஸ், ஒரு நினைவுச் சின்னம். அவருடைய மனைவியும் வந்திருந்தார். நான் நல்ல உரை ஒன்று தயாரித்து வைத்திருந்தேன். எழுந்து நின்று இரண்டு வரி வாசித்தேன். அந்த இரண்டு வரியும் என் ஒப்படையைப் போலவே இருந்தது. தாளை மடித்து வைத்துவிட்டு, சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறி, அன்றைக்குத் தெருவோரத்தில் நடந்ததைச் சொன்னேன். நான் போட்ட ஓடர், இரும்புக் கம்பி, மதிப்பீட்டில் போட்ட இரண்டு புள்ளி, கடிதத்தில் மறைத்த விஷயம், எல்லாவற்றையும் சொன்னேன். “போதும் மிஸ்” என்று போர்மன் தாழ்ந்த குரலில் ஒரு தடவை சொன்னார். நான் நிறுத்தவில்லை. முடித்தபோது யாரும் கைதட்டவில்லை. யாரோ ஒருவர் கேக் வெட்டலாம் என்றார்.

அன்றைக்கு நான் அறிந்துகொண்ட ஒன்று உண்டு. நிமலுக்கு இது எதுவும் தெரியாது. மூன்று வருடமாக யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று போர்மன் மற்றவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறார்.

நிமல் கேக் தட்டோடு என்னிடம் வந்தார். லயினைக் கொடுக்கச் சொன்னது எத்தனை மணிக்கு என்று சிங்களத்தில் கேட்டார். பதினொன்று நாற்பது என்றேன். பிறகு இடது கையை உயர்த்தி, முழங்கையை மடித்து, கம்பத்தை அணைத்துப் பிடிப்பதுபோலக் காட்டினார். அப்போது இப்படித்தான் இருந்தேன் என்றார். தட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

வாசலில் போர்மனும் மனைவியும் ஆட்டோவுக்குக் காத்திருந்தார்கள். நிமலிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொல்லியிருந்தா அவன் ஒங்க பேச்ச எப்பிடிக் கேப்பான் மிஸ்? வேல நடக்கணும்ல.”

மதிப்பீட்டுக்காக மன்னிப்புக் கேட்டேன். “நீங்க எழுதுனது பொய்யில்ல” என்றார். “நான் தயங்குற ஆளுதான்.” அவர் மனைவி என்னைப் பார்க்கவே இல்லை. ஆட்டோ வந்தது, போய்விட்டார்கள்.

திங்கட்கிழமை காலை வேலை பிரித்துக் கொடுத்தேன். நிமலை ஒரு இடத்துக்குப் போகச் சொன்னேன். “ஏன் மிஸ்?” என்றார். தமிழில்தான் கேட்டார், எல்லோருக்கும் கேட்கும்படி. குரலில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை. காரணத்தைச் சொன்னேன். போனார். செவ்வாய்க்கிழமையும் கேட்டார். அதற்குப் பிறகு நான் எது சொன்னாலும் கேட்டார். சில நாள் எனக்கு எரிச்சல் வந்தது. சில நாள் என்னிடம் சொல்வதற்குக் காரணமே இருக்கவில்லை, அப்போது சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். கொஞ்சக் காலத்தில் மற்றவர்களும் கேட்கத் தொடங்கினார்கள். காலைக் கூட்டம் கால் மணித்தியாலம் நீண்டது. மேலதிகாரி அதைப் பற்றி என்னிடம் முறைப்பட்டார்.

ஐந்து வருடம் இப்படி. நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வாரம், மழையில், ஒரு வளைவில் சாய்ந்து நின்ற கம்பத்தைக் காட்டி ஏறச் சொன்னேன். நிமல் ஏன் என்று கேட்டார். சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “அது சரியில்ல மிஸ்” என்றார். கம்பத்தின் அடிமண்ணைச் சப்பாத்துக் காலால் கிளறிக் காட்டினார். குனிந்து பார்த்தேன், மண் சேறாக இளகிக் கிடந்தது. ஏணியைத் தூக்கிக்கொண்டு எல்லோருமாக அடுத்த கம்பத்துக்குப் போனோம்.